பிழையிற் பிறந்த நாதம்

இசைக்கு இலக்கணம் வகுத்தோர் ஒலியின் தூய்மையையே முதலிற் போற்றினர். கரகரப்பும் சிதைவும் கருவியின் குற்றங்களெனக் கடியப்பட்டன. ஆயினும், மின் கிற்றாரின் வரலாற்றிலே அக்குற்றமே குணமாகிய விந்தையைக் காண்கிறோம். 1951 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'றொக்கெற் 88' என்னும் பாடல் பதிவானபோது, வழியிற் பழுதுற்ற ஒலிபெருக்கியினுள் காகிதத்தைத் திணித்து வாசித்தனர் என்பர். அதனின்றெழுந்த முரட்டொலி கேட்டோரைக் கவர்ந்தது. 1964 இல், இங்கிலாந்தின் 'கிங்ஸ்' குழுவினரான டேவ் டேவிஸ், அத்தகைய ஒலியை வேண்டியே தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறினார்.

இன்று கூம்பைக் கிழிக்கவேண்டிய தேவையில்லை. காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டியொன்று அவ்வொலியைத் தருகிறது. அதன் உறுப்புக்களை வாங்கித் தாமே பூட்டிக்கொள்வோர் மேலைநாடுகளிற் பலர். அமெரிக்காவின் 'ஹீத்கிற்' நிறுவனம் 1947 முதல் மின்னியற் கருவிகளை இவ்வாறு உதிரிகளாக விற்றுப் புகழ்பெற்றது. அதன் கைந்நூலில் ஒவ்வொரு படிக்கும் எதிரே வெற்று அடைப்புக்குறி ஒன்றிருக்கும். வேலையை முடித்த பின்னரே அதில் அடையாளமிட வேண்டும்.

இத்தகைய பெட்டிகள் சிலவற்றின் உயிர் ஒரு கண்ணாடி வால்வு. பெரும்பாலும் '12ஏஎக்ஸ்7' என்னும் வகையே பயன்படுகிறது. சூடேறிய முனையினின்று புறப்படும் இலத்திரன்களை, இடையேயுள்ள கம்பிவலை தடுத்தும் விடுத்தும் ஆள்கிறது. கிற்றார்த் தந்தியின் மெல்லிய அதிர்வு அவ்வலையைச் சேர்ந்ததும் பன்மடங்காகப் பெருகுகிறது. அளவுக்கு மீறிய அதிர்வு வந்தாலோ வால்வினால் அதனைத் தாங்க இயலாது. அலையின் முடியும் அடியும் தட்டையாகின்றன. மூல ஒலியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. நாம் கேட்கும் உறுமல் இதுவே.

இனி, செப்புத் தடங்கள் பதிந்த சுற்றுப் பலகையைக் கையில் எடுப்போம். உயரங் குறைந்த தடையிகளை முதலிற் பொருத்துவர், பின்னர் கொள்ளளவிகள், இறுதியில் வால்வின் ஒன்பது துளைத் தாங்கி. தடையியின் நிறவளையங்களே அதன் எழுத்து. பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றிருந்தால் 100,000 ஓம். மின்பகு கொள்ளளவிக்கு நேர்முனை, எதிர்முனை என்ற வேறுபாடுண்டு. மாற்றிப் பொருத்தினால் வெடித்துவிடவுங் கூடும்.

பற்றாசு வைப்பதே கைத்திறனின் உரைகல். சூட்டுக்கோலாற் கம்பியையும் செப்பையும் ஒருங்கே சூடாக்கி, பற்றாசை அவற்றின்மீதே உருகவிடல் வேண்டும். நன்கு பொருந்திய ஈயப்பற்று வழுவழுப்பாய்ப் பளபளக்கும். சூடு போதாதது மங்கிப் பொருக்குத் தட்டியிருக்கும். பார்வைக்கு ஒட்டியதுபோலிருந்தும் மின்னைச் செல்லவிடாது. அப்படியான ஒரேயொரு புள்ளி முழுப் பெட்டியையும் ஊமையாக்கிவிடும்.

இதிற் பொதிந்துள்ள முரண் சிந்திக்கத்தக்கது. பிழையைப் பாட்டாக்கும் இப்பெட்டி, தன்னைச் செய்பவரின் பிழையை மன்னிப்பதில்லை. சில பெட்டிகளில் வால்வுக்கு 200 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் ஊட்டப்படுகிறது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். அவற்றை வெறுமையாக்காது தொடுபவர் உயிரையே இழக்க நேரலாம். ஆகவே இங்கு கவனம் என்பது அழகுக்கான அணியன்று, உயிர்க்காப்பு.

எல்லாம் முடிந்து முதன்முறையாக மின்னூட்டும் கணம் வருகிறது. வால்வினுள் செந்நிறச் சுடர் மெல்ல அரும்புகிறது. சிறிது நேரம் மௌனம். பின்னர் ஒரு தந்தியை மீட்டுகிறார், உறுமல் எழுகிறது. கடையில் வாங்கியவருக்கும் அதே ஒலி கிடைத்திருக்கும். ஆனால் எந்த வளையம், எந்தப் பற்று, எந்தச் சுடர் அதனைப் பிறப்பித்ததென்பதைச் செய்தவரே அறிவார். பிழை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்தறிந்த கைக்கே அது வசப்படுகிறது.