உமரித் திடலில் ஒரு மண்வெட்டிச் சேறு

1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளியைத் தாண்டினால், சாலைக்கு மேற்கே கண்ணுக்கு எட்டும் தூரம் வெட்டவெளி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "அங்க என்னங்க இருக்கு, வெறும் களர்" என்பார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளியில் விலங்கியல் நடத்தும் நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு பிப்ரவரிக் காலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்க்கால் ஓரமாக அழைத்துப் போனேன். தண்ணீர் வற்றிய நேரம். கரையெங்கும் பிடில் நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிசு. அதைத் தூக்கித் தூக்கிப் பெண்ணைக் கூப்பிடும். எங்கள் நிழல் விழுந்ததும் அத்தனையும் வளைக்குள் புகுந்துவிட்டன. வாசலைச் சுற்றி இரண்டு விதச் சேற்று உருண்டைகள் கிடந்தன. கடுகு போலச் சின்னவை, மேல்சேற்றை வாயில் போட்டு நுண்பாசியைச் சலித்துக்கொண்டு துப்பியவை. சுண்டைக்காய் போலப் பெரியவை, வளை தோண்டும்போது அடியிலிருந்து சுமந்து வந்து போட்டவை.

ஒரு மாணவி வளையோடு சேர்த்து ஒரு கட்டிச் சேற்றை மண்வெட்டியால் பெயர்த்தாள். பிளந்து பார்த்தோம். உள்ளே மை போலக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத சேற்றில் கந்தக நஞ்சு தங்கிவிடும். பெரும்பாலான பிராணிகளுக்கு அங்கே பிழைப்பு இல்லை. ஆனால் வளை இறங்கிய தடம் நெடுக, நகத்தின் அகலத்துக்குச் செம்பழுப்பு. சேற்றிலிருந்த இரும்பு, காற்றும் நீரும் பட்டுத் துருப்பிடித்திருந்தது. அந்தப் பழுப்புக்குள் நூல் கனத்தில் ஒரு புழு நெளிந்தது.

"டீச்சர், இது நண்டு வீட்டுல வாடகைக்கு இருக்கா?" என்றாள்.

ஆமாம், அதேதான். தான் வாழும் இடத்தையே மாற்றியமைத்து, அதனால் மற்ற உயிர்களின் பிழைப்பையும் மாற்றிவிடுகிற உயிருக்குச் 'சூழல் பொறியாளர்' என்று கிளைவ் ஜோன்ஸ், ஜான் லாட்டன், மோஷே ஷசாக் மூவரும் 1994-இல் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1985-இல், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் உவர்ச்சதுப்பில் மார்க் பெர்ட்னஸ் பிடில் நண்டுகளைக் குறைத்துப் பார்த்திருந்தார். ஒரே பருவத்தில் அங்கிருந்த புல்லின் மேல்வளர்ச்சி 47 சதவீதம் குறைந்தது. தோண்ட ஆள் இல்லாத சேற்றில் நீர் வடியவில்லை.

நண்டுக்கு நிகரான இன்னொரு வேலைக்காரி உமரிச் செடி. என் அப்பாயி அதை ஆய்ந்து வந்து, வேகவைத்து, உப்பு இறங்கும்வரை தண்ணீரை வடித்து வடித்துக் கொட்டிவிட்டுப் பருப்போடு கடைவார். சித்திரையில் அந்த வெளி வெடித்து உப்புப் பூத்துக் கிடக்கும்; உமரிப் புதரடியில் விரல் வைத்தால் சில்லென்று ஈரம். நிழலால் நீர் ஆவியாவது குறையும், உப்பு ஏறுவதும் குறையும். தண்டுகள் வண்டலைத் தடுத்து நிறுத்தும். நத்தையும் சிலந்தியும் சிறுவண்டும் உச்சிப்பொழுதை அங்கேதான் கழிக்கின்றன. வடதுருவத்துப் பக்கமிருந்து பனிக்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளான் அலகால் கொத்தி எடுப்பதும் இந்தச் சேற்றில் வளரும் பொடி உயிர்களைத்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அலையாத்தி மரம் நடுவது எங்கேயும் நல்லது என்று நம்பி நானும் கன்று சுமந்திருக்கிறேன். பிச்சாவரத்தில் காடு வெட்டப்பட்டுப் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி உப்பேறிய இடங்களில் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலையாத்தியை மீட்டார்கள். அது அருமையான வேலை. ஆனால் காலங்காலமாகத் திறந்தவெளியாகவே இருந்த உமரித் திடலில் கன்று நட்டால் கதை வேறு. அலையாத்தியும் பொறியாளர்தான். அது வளர்ந்து நிழல் கட்டினால், வெயிலில் வளரும் நுண்பாசி குறையும். அதைத் தின்னும் பிடில் நண்டு விலகிப் போகும். இலை தின்னும் நண்டுகள் வந்து குடியேறும். எதிரி வருவது தெரிய நாலாபுறமும் திறந்த வெளி வேண்டும் உள்ளானுக்கு. அது மரத்தடிச் சேற்றில் இறங்காது. வந்த உயிர்கள் கெட்டவை இல்லை. போனவற்றுக்குப் போக்கிடம் எங்கே என்பதுதான் என் கவலை.

பெயர்த்த கட்டியை அன்று பிள்ளைகள் அதே குழியில் வைத்து அமுக்கிவிட்டார்கள். இப்போது யாராவது கன்று நடப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டு வந்தால், அவரை மண்வெட்டியோடு அந்த வெளிக்குக் கூட்டிப் போகிறேன். முதலில் வளைகளை எண்ணச் சொல்கிறேன்.