கழுவினால் போகாதது

கீரையை மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரில் அலசினால் மண் போகும், புழு போகும். சாலைத் தூசியோடு இலைமேல் படிந்த ஈயத்திலும் ஓரளவு போகும். வேர் வழியாக ஏறிய காட்மியம் மட்டும் போகாது. அது இலைக்குள்ளேயே இருக்கிறது.

நிலத்துக்கு நல்லது என்று நம்பிப் போட்டவற்றிலிருந்தே அது வருவதுண்டு. பாஸ்பேட் உரம் தயாராகும் பாறையில் இயல்பாகவே காட்மியம் உண்டு. தரம் பிரிக்காத நகரக் குப்பையை உரமாக்கினால் பேட்டரி, பெயின்ட், மின்னணுக் கழிவுகளின் உலோகமும் கூடவே வரும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடும் இப்படித்தான். குப்பை மக்கும், உலோகம் மக்காது. வருஷா வருஷம் போடப்போட மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

பாலக்கீரை காட்மியத்தை அதிகம் இழுக்கும். அமில மண்ணிலும் துத்தநாகம் குறைந்த மண்ணிலும் இழுப்பு இன்னும் கூடும். உடலுக்குள் போனது சிறுநீரகத்தில் தங்கும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். இரும்புச்சத்து குறைந்தவர்களின் குடல் அதைக் கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகைக்குக் கீரை சாப்பிடுங்கள் என்று யாருக்குச் சொல்கிறோமோ, அவர்களுக்கே! அதற்காகக் கீரையை விட வேண்டாம். ஒரே வகையை, ஒரே இடத்திலிருந்து தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்கலாம்.

1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்கு காட்மியம் 5 மில்லிகிராமையும் ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. உணவுப் பாதுகாப்பு விதிகளோ இலைக்காய்கறிக்கு காட்மியம் 0.2, ஈயம் 0.3 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வயலை 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை. விவசாயி கையிலிருந்து வியாபாரி கைக்கு மாறிய பிறகுதான் கீரை அந்தச் சட்டப்படி 'உணவு' ஆகிறது. விவசாயியை அலைக்கழிக்காத ஏற்பாடு என்பதால் எனக்கு இதில் வருத்தமில்லை. ஆனால் அப்படியென்றால், உர மூட்டையைச் சோதிப்பதில் யாரும் அசட்டையாக இருக்க முடியாது.

ஆகவே உரம் வாங்கும் விவசாயியும் மாடித்தோட்டக்காரரும் ரசீது கேளுங்கள். கொடுப்பது விற்பவரின் கடமை. மூட்டையில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கன உலோகச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் தென்பட்டால் குப்பையைத் தரம் பிரிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் உர ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நஷ்டம் என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கீரை வாங்குகிறவருக்கும் வழி உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ம் பிரிவின்படி, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மீறல் உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.