சாளைப் பாட்டி ஏன் வரவில்லை?



எங்கள் தெருவில் கல்ஃப் நாட்டில் ஆள் இல்லாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதலில் அப்பா போவார். கொஞ்ச நாளில் விசா எடுத்து மனைவி, பிள்ளைகளையும் அழைத்துக்கொள்வார். அப்படி நாலு, அஞ்சு வயசில் ஊரை விட்டுப் போன பிள்ளைகள் இப்போது இருபது, இருபத்திரண்டு வயசில் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். வருஷா வருஷம் லீவுக்கு வருகிறவர்களைச் சொல்லவில்லை. டிக்கெட் செலவு, அப்பாவின் வேலை, பள்ளிக்கூடம் என்று பத்து, பதினைந்து வருஷம் ஊர்ப் பக்கமே வராமல் போன பிள்ளைகளைச் சொல்கிறேன். அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் பொதுவாகக் குடியுரிமை கிடைப்பதில்லை. வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது. ஆகவே என்றைக்காவது ஒருநாள் இந்தப் பிள்ளைகள் திரும்பித்தான் ஆக வேண்டும்.

திரும்பி வரும் பிள்ளையை நாம் எப்படி வரவேற்கிறோம்? வாசலிலேயே பரீட்சை வைக்கிறோம்! "நான் ஆருன்னு சொல்லு பாப்போம்", "உன்னை இடுப்பில தூக்கிட்டு நடந்தேனே, மறந்துட்டியா?" என்று ஆளாளுக்குக் கேள்வி. பாவம், அது திருதிருவென்று விழிக்கும். உடனே, "வெளிநாட்டுக்குப் போனதும் சொந்தபந்தம் மறந்து போச்சு" என்று பட்டமும் கொடுத்துவிடுகிறோம்.

என் நாத்தனார் மகள் 2024 மாசிக் கொடைக்கு மஸ்கட்டிலிருந்து வந்தாள். 2005-ல் ஐந்து வயதில் போனவள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 2008-ல். அதனால் அவளை போட்டோவிலும் போனிலும்தான் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசுவாள், ஆனால் மலையாளமும் இந்தியும் கலந்து வரும். 'மண்டைக்காடு' என்று எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஊரின் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தாளாம். 1982 மார்ச் மாதக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் வந்ததாம். அப்புறம் சுனாமி. "மாமி, நம்ம ஊரு இதுதானா?" என்று வந்த அன்றைக்கே கேட்டாள்.

அதற்குப் பதிலாக, நானும் என் மாமியாரும் மறுநாள் விடியற்காலையில் அவளைக் கடற்கரைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போனோம். மாசிக் கொடை பத்து நாள். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவதால் எங்கள் பகவதி அம்மன் கோயிலைப் 'பெண்களின் சபரிமலை' என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே புற்றேதான் அம்மன். சுமார் 15 அடி உயரம். பிள்ளையின் நினைவில் அது மலை மாதிரி, கூரையைத் தாண்டி வானம் வரைக்கும் இருந்ததாம். "சின்னதாயிடுச்சா பாட்டி?" என்று கேட்டாள். "புற்று வளர்ந்துதான் இருக்கு மக்களே, நீ அதைவிட வேகமா வளர்ந்துட்ட" என்றார் மாமியார். மூன்றடி உயரத்திலிருந்து பார்த்த கண்ணுக்கு வீட்டு நடையும் கிணற்றுச் சுவரும்கூடப் பெரிதாகத்தான் இருந்திருக்கும். சில விஷயங்கள் நிஜமாகவே மாறியும் விட்டன. 2021 ஜூனில் நடந்த தீ விபத்தில் கோயிலின் மேற்கூரை எரிந்ததை அவளுக்குச் சொன்னோம்.

தலைவலி தீர நேர்ந்துகொண்டு படைக்கும் மண்டையப்பம் இங்கே விசேஷம். அரிசி மாவும் பயறும் வெல்லமும் சேர்த்துச் செய்வது. அதன் பெயர் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒரு விள்ளல் வாயில் போட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். "இது எனக்குத் தெரியும் மாமி, இது எனக்குத் தெரியும்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெயர் மறக்கிறது, முகம் மறக்கிறது, நாக்கு மட்டும் மறப்பதில்லை போலிருக்கிறது!

இதை விஞ்ஞானமும் ஓரளவு சொல்கிறது. மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. அதற்கப்புறம் நடந்ததிலும் நிறைய, ஏழெட்டு வயசாகும்போது கழன்று போகிறது. ஆனால் மறந்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2014-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சீனாவில் பிறந்து, ஒரு வயது வாக்கில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குத் தத்துப் போன பெண்பிள்ளைகள். 9 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள். சீன மொழியில் அவர்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் சீன மொழியின் ஒலிகளைக் கேட்க வைத்து மூளையைப் படம் எடுத்தபோது, சிறு வயது முதல் சீனமும் பேசி வளர்ந்தவர்களின் மூளை போலவே வேலை செய்ததாம்! தெரியாது என்று வாய் சொல்கிறது, உள்ளே எங்கோ பதிவு இருக்கிறது.

அந்தச் சீனத்துப் பிள்ளைகளின் கதையும் மனசைப் பிசைகிறது. 1992 முதல் 2024 வரை 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சீனாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். 2024-ல் சீன அரசு அதை நிறுத்திவிட்டது. அப்படிப் போனவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டியதும் பிறந்த ஊரைப் பார்க்க வருகிறார்கள். இருந்த காப்பகம், கண்டெடுத்த தெரு, சாப்பிட்ட கஞ்சி என்று தேடுகிறார்கள். 'என்னை ஏன் விட்டீர்கள்?' என்று கேட்க அவர்களில் பெரும்பாலோருக்கு எதிரே ஒரு ஆள் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோமே! கேட்டால் பதில் சொல்லப் பாட்டி இருக்கிறார், மாமி இருக்கிறாள், சித்தி இருக்கிறாள். இருந்தும் பதில் சொல்லாமல் விட்டால்?

என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

வந்த நாலாம் நாள் இரவு. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தோம். திடீரென்று, "பாட்டி, சாளைப் பாட்டி ஏன் அப்புறம் வரல்ல?" என்று கேட்டாள். மாமியார் முகம் மாறிவிட்டது.

கொட்டில்பாட்டிலிருந்து தலையில் சும்மாடு வைத்து, கடவத்தில் மீன் கொண்டுவரும் ஒரு அம்மாதான் இந்தச் சாளைப் பாட்டி. பெரும்பாலும் சாளை கொண்டுவருவதால் குழந்தை வைத்த பெயர். வாசலில் கடவத்தை இறக்கி, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாராம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் பொங்கி வந்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் இறந்தது எங்கள் மாவட்டத்தில்தான். கொட்டில்பாட்டில் முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய். ஓடியவர்களில் பலர் அந்தக் கால்வாயில் விழுந்து போனார்கள். சாளைப் பாட்டியும் போய்விட்டார்.

நாலு வயசுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "மவ வீட்டுக்குப் போயிருக்கா" என்று வீட்டில் சொல்லி வைத்தார்கள். சில மாதத்தில் இவர்களும் மஸ்கட் போய்விட்டார்கள்.

"பெரியவளான பிறகு எனக்கே சந்தேகம் வந்தது பாட்டி. அம்மாட்ட கேட்டா பேச்சை மாத்திருவா" என்றாள். அப்புறம் குரல் கம்ம, "நான் அன்னிக்கு அவங்க கடவத்தைக் காலால தட்டி விட்டேன். மீனெல்லாம் மண்ணுல கொட்டிடுச்சு. என்மேல கோவிச்சுக்கிட்டுத்தான் வரல்லேன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

சகோதரிகளே, பத்தொன்பது வருஷம்! கடல் செய்ததற்கு ஒரு குழந்தை தன்னைக் குற்றவாளியாக நினைத்து மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அப்படித்தான். ஒரு காரியத்துக்குக் காரணம் தெரியாவிட்டால், 'நான் செய்த சேட்டையால்தான்' என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்ளும். பெரியவர்கள் நல்ல மனசோடு மறைத்தது, பிள்ளைக்கு வேறு மாதிரி பாரமாகிவிட்டது.

மாமியார் அன்று இரவு ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் தடுக்கவில்லை. மறுநாள் மூன்று பேருமாகக் கொட்டில்பாட்டுக்குப் போனோம். சுனாமியில் இறந்தவர்களை அடக்கம் செய்த நினைவிடம் அங்கே இருக்கிறது. பிள்ளை பூ வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சாளைப் பாட்டியின் மகளைத் தேடிப் போனோம். இப்போது அவரும் மீன்தான் விற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தே விட்டார். "கடவத்தைத் தட்டி விட்டது நீதானா மோளே! அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. 'எங்க குட்டிக்குக் கால் நல்ல பலமாயிட்டு'ன்னு சொன்னா" என்றார். கிளம்பும்போது, "கொடை முடியட்டும். நீங்க இப்ப மீனு கூட்ட மாட்டீங்க. முடிஞ்சதும் நானே சாளை கொண்டுவாறேன்" என்றார். சொன்னபடி கொண்டுவந்தும் கொடுத்தார். கலவரத்தை மட்டும் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, 'நம்ம ஊரு இதுதானா?' என்ற கேள்விக்குப் பதில் அந்த வாசலில் கிடைத்தது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பிள்ளை வரலாம். துபாயிலிருந்தோ, மும்பையிலிருந்தோ, இலங்கையிலிருந்தோ! எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்:

1. 'என்னைத் தெரியுதா?' என்று கேட்க வேண்டாம். 'நான் உன் இன்ன முறை, உனக்கு இன்னது ஊட்டுவேன்' என்று நாமே சொல்லிவிடலாம். நினைவு இருந்தால் தானாக வரும்.

2. அதன் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஒரு தடவை சிரித்தால், அடுத்த வார்த்தை இங்கிலீஷில்தான் வரும்.

3. முதல் வாரமே கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம். பிள்ளை ஊரைப் பார்க்க வந்திருக்கிறது, நாம் அதைப் பெண் பார்க்க ஆள் கூட்டி வரக் கூடாது.

4. சிறு வயதில் சாப்பிட்ட பண்டம், குளித்த குளம், படித்த பாலர் பள்ளி, எல்லாம் காட்டுங்கள். வெறும் சொந்தக்காரர் வீட்டுக் காப்பியோடு நிறுத்தாதீர்கள்.

5. இறந்தவர்கள், விற்ற நிலம், பேச்சு வார்த்தை நின்ற உறவு, எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள். வயதுக்குத் தகுந்த மாதிரி, மெதுவாக, ஆனால் உண்மையை. கேட்கும் வயது வந்துவிட்டால் தாங்கும் வயதும் வந்துவிட்டது.

6. பழைய போட்டோக்களின் பின்னால் யார் யார், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். என் மாமியாருக்கு 74 வயது. அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அவருக்கு மட்டும் தெரிந்தது எவ்வளவோ இருக்கிறது.

பிள்ளை மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டாள். வாரம் ஒருநாள் பாட்டியிடம் பேசுகிறாள். இப்போது அவள் அம்மாவும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்கிறாளாம். உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைகள் முதலில் என்ன கேட்டார்கள்? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். எல்லோருக்கும் உதவும்.

— ஒரு வாசகி, மண்டைக்காடு.