கிலோமீட்டர் கல்லும் கணினி வரைபடமும்

காரமடை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் ரயில் பாதையில், மின்கம்பங்களைக் கவனித்துப் பாருங்கள். கிலோமீட்டர் எண்ணும், அதன்கீழ் கம்பத்தின் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். தண்டவாளத்தில் விரிசலைக் கண்ட கீமேன் (பாதையில் நடந்து தண்டவாளத்தைச் சோதிக்கும் ஊழியர்) அட்சரேகை, தீர்க்கரேகை சொல்வதில்லை; இந்தக் கம்ப எண்ணைச் சொல்கிறார். பாதை ஒரு கோடுதானே, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற ஓர் எண்ணே இடத்தைக் காட்டிவிடும். பொறியாளர்கள் இதைச் செயினேஜ் என்பார்கள். வெள்ளியங்காட்டிலிருந்து கோவைக்குப் பில்லூர்த் தண்ணீர் கொண்டுவரும் குழாயில் கசிவைக் குறிப்பிடவும் இந்தக் கணக்கு உதவும்.

க்யூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருள்கள் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் இந்தத் தூரத்தையும் சேர்த்து வைக்க வல்லவை. அதற்கு 'எம்' மதிப்பு என்று பெயர். அட்டவணையில் 12.4 என்று எழுதினால் வரைபடத்தில் அந்த இடத்தில் புள்ளி விழும். ஜிபிஎஸ் புள்ளியைக் கொடுத்தால் கிலோமீட்டர் எண் கிடைக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சாலையைத் துண்டு போடவே வேண்டாம் என்பதுதான். தார் பெயர்ந்த பகுதி 12.4 முதல் 13.1 வரை, அகலம் குறைந்த பகுதி 12.9 முதல் 15 வரை என்று தனித்தனி அட்டவணைகள் இருக்கலாம், கோடு ஒன்றே.

சிக்கல் மலையில் வருகிறது. மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் பாதை சுமார் 46 கிலோமீட்டர், வளைவுகள் 208. வளைவைக் குறைவான புள்ளிகளால் வரைந்தால் வரைபடக் கோடு உண்மையான பாதையைவிடக் குட்டையாகிவிடும். ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். கல்லாற்றுக்கு மேல் பல்சக்கரத் தண்டவாளப் பகுதியில், 12 அடிக்கு ஓரடி ஏறும் இடங்களில், தட்டையான வரைபடத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் மூன்றரை மீட்டர் தொலைகிறது. மழைக்காலத்தில் அடர்லி, ஹில்குரோவ் நிலையங்களுக்கு நடுவே மண் சரிந்தால், இந்தப் பிழைகள் கூடிக்கூடி ஆட்களை வேறு வளைவுக்கு அனுப்பிவிடும். அதனால் கணினி அளந்த நீளத்தை நம்பாமல், களத்தில் நிற்கும் கல்லையும் கம்பத்தையும் கோட்டில் பொருத்துகிறார்கள். அவற்றுக்கு இடையிலான தூரத்தை மென்பொருள் பகிர்ந்துகொடுக்கும்.

தொடக்கப்புள்ளி மாறுவது இன்னொரு தொல்லை. கோவை–மேட்டுப்பாளையம் சாலை முன்பு நாகப்பட்டினத்தில் தொடங்கிய தேசிய நெடுஞ்சாலை 67-இன் பகுதி. 2010-இல் எண்கள் மாற்றப்பட்டபின் அது கோவையில் தொடங்கும் 181. அப்படிப் பூஜ்யம் நகர்ந்தால் பழைய விபத்துப் பதிவேடுகள் சொல்லும் கிலோமீட்டர் இன்றைய கல்லோடு ஒத்துவராது. பழைய கோட்டையும் அதன் அளவுகளையும் தேதியோடு தனியே சேமித்து வைத்தால், அந்தப் பதிவை முதலில் பழைய கோட்டில் புள்ளியாக்கி, அங்கிருந்து புதிய கோட்டின் எண்ணைப் பெறலாம்.