குழந்தைக்கும் குடும்பத்திற்கும் தனி நீதிமன்றம்: சென்னை நகரின் அமைப்பு

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பலமனேருக்கு முன்னதாக அமைந்துள்ளது பங்காருபாளையம். மாம்பழச் சந்தையால் அறியப்பட்ட இவ்வூர்ப் பகுதியிலிருந்து வேலை நாடிச் செல்வோர்க்கு மேற்கே பெங்களூரும் கிழக்கே சென்னையும் எட்டிவிடும் தொலைவில் உள்ளன. மக்கள் இடம்பெயரும்போது அவர்களுடைய குடும்பச் சிக்கல்களும் உடன் பெயர்கின்றன. வீட்டில் கோபித்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்ட சிறுவன், நகரில் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு உள்ளான பதினாறு வயது வேலையாள், கணவன் சென்னையில் தங்கிவிட ஊரில் குழந்தையுடன் நிற்கும் மனைவி ஆகியோரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இம்மூவருக்கும் பொதுவான குற்றவியல், உரிமையியல் நீதிமன்றங்கள் பொருந்தா என்று கருதியே தனி அமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எங்கே தடைப்படுகின்றன என்பதற்குச் சென்னை நகரம் தக்க சான்றாகும்.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இந்தியாவில் முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னையே. 1919-20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைகள் குழு, சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பும் வழக்கத்தைக் கண்டித்ததைத் தொடர்ந்து 1920இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் பிறந்தது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் இதனைப் பின்பற்றின. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1899இல் தொடங்கி இருபது ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணத்தில் இருந்தமையால், பங்காருபாளையத்துச் சிறுவனுக்கும் சென்னைச் சிறுவனுக்கும் அன்று ஒரே சட்டம். பின்னர் மாநில எல்லை குறுக்கிட்டது. இன்று சட்டம் மீண்டும் ஒன்றாகிவிட்டது; ஆனால் அதனைச் செயற்படுத்தும் அலுவலகங்கள் இரு அரசுகளின் கீழ் உள்ளன. இவ்வேறுபாடு பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட குழந்தைகள் சட்டங்களுக்குப் பதிலாக நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றுவது நலம் என்று உச்ச நீதிமன்றம் ஷீலா பர்சே வழக்கில் 1986இல் கருத்துரைத்தது. அவ்வாண்டே இளைஞர் நீதிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஆண் 16 வயது வரையிலும் பெண் 18 வயது வரையிலும் இளஞ்சிறார். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலார்க்கும் 18 என வரையறுத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது, 2016 ஜனவரி 15இல் செயலுக்கு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2021இல் செய்யப்பட்ட திருத்தங்களும் ஆகும்.

கெல்லீசில் நடப்பது

சென்னையில் இளைஞர் நீதிக் குழுமம், புரசைவாக்கத்தை அடுத்த கெல்லீசில், அரசினர் கூர்நோக்கு இல்ல வளாகத்தில் அமைந்துள்ளது. குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் உறுப்பினர். சமூகப் பணியாளருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். நீதிமன்றத் தோற்றமே இருத்தலாகாது என்பது விதி. உயர்ந்த மேடை இல்லை, சாட்சிக் கூண்டு இல்லை. சிறுவனை அழைத்துவரும் காவலர் சீருடை அணிதல் ஆகாது. கைவிலங்கு அறவே கூடாது.

பிடிபட்ட சிறுவனைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதுவரை அவனைக் காவல் நிலையப் பூட்டறையிலோ சிறையிலோ வைத்தல் சட்டவிரோதம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இதற்கெனக் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். பிணையைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கான முறை இங்குத் தலைகீழாகிறது. குற்றம் பிணையில் விடத்தக்கதா அல்லவா என்ற கேள்விக்கே இடமில்லை. விடுவிப்பதே பொது விதி. விடுவித்தால் அவன் குற்றவாளிகளின் சேர்க்கையில் விழுவான், அல்லது ஒழுக்கத்திற்கோ உடலுக்கோ மனத்திற்கோ கேடு நேரும், அல்லது நீதியின் நோக்கம் தோற்கும் என்று நம்பக் காரணம் இருந்தாலன்றிப் பிணை மறுக்கலாகாது. குற்றத்தின் கடுமை மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது என்பதைப் பொதுமக்கள் மட்டுமன்றி அலுவலர் பலரும் உணர்வதில்லை.

முதல் நாளிலேயே குழுமம் நன்னடத்தை அலுவலருக்கு ஓர் ஆணை பிறப்பிக்கிறது: 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தருக என்பது அது. இவ்வமைப்பு முழுவதும் இந்த அறிக்கையின்மீதே நிற்கிறது எனலாம். சிறுவனின் வீட்டில் யார் சம்பாதிக்கிறார், பள்ளிப் படிப்பு எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது, அவன் கூட்டாளிகள் யார், தந்தை அவனை மீண்டும் ஏற்பாரா என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். சாட்சிகளின் வாயிலாக நடுவர் அறிவது ஒரு நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை; இவ்வறிக்கை அச்சிறுவனின் பதினாறு ஆண்டுகளைச் சொல்கிறது. அறிவுரை கூறி அனுப்புவதா, சமூகப் பணியில் ஈடுபடுத்துவதா, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதா, சிறப்பு இல்லத்திற்கு அனுப்புவதா என்பதை முடிவு செய்ய வேறு வழியில்லை. சிறப்பு இல்லத்தில் வைக்கும் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது.

விசாரணை முடிய நான்கு மாதங்கள்; காரணம் எழுதி மேலும் இரண்டு மாதங்கள் நீட்டிக்கலாம். சிறு குற்றமாயின், நீட்டித்த காலத்திலும் முடியாத விசாரணை தானாகவே முடிவுற்றதாகும். இதனைக் குற்றம் செய்தவனுக்குக் கிடைத்த சலுகை என்று குறை கூறுவோர் உளர். ஆறு மாதம் என்பது பதினைந்து வயதுச் சிறுவனுக்கு ஒரு பள்ளியாண்டின் பெரும்பகுதி என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அலுவலகத்தின் தாமதத்திற்குரிய விலையை அலுவலகமே ஏற்க வேண்டும் என்பதே இவ்விதியின் பொருள்.

16 வயது நிறைந்து 18 நிறையாதவர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்படும்போது மட்டும் வேறு வழி உண்டு. குறைந்த அளவாகவே ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்கள் இவ்வகையின. அவரது மன, உடல் திறன், விளைவை உணரும் ஆற்றல், நிகழ்ச்சியின் சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் மூன்று மாதங்களுக்குள் முன்மதிப்பீடு செய்து, பெரியவராகக் கருதி விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்திற்கு அனுப்பலாம். அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பற்ற ஆயுள் தண்டனையோ விதித்தல் இயலாது.

ஓடிவந்த சிறுவன்

முதலில் கூறிய சிறுவன் குற்றம் எதுவும் செய்யவில்லை. சென்னை சென்ட்ரல் நிலையத்தில் அவனைக் கண்ட இரயில்வே பாதுகாப்புப் படையினரோ, 1098 என்ற உதவி எண்ணில் தகவல் பெற்றவர்களோ அவனை ஒப்படைக்க வேண்டிய இடம் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட இக்குழுவுக்கு நடுவர் மன்றத்தின் அதிகாரங்கள் உண்டு; மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் கூட வேண்டும். இங்கும் 24 மணி நேர வரையறையும் 15 நாள் சமூக விசாரணையும் உள்ளன. ஆனால் விசாரிக்க வேண்டிய வீடு பங்காருபாளையத்தில் இருக்கிறது. சென்னையின் அலுவலர் அங்குச் செல்வதில்லை. சித்தூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதப்படுகிறது. தெலுங்கு பேசும் சிறுவனிடம் தமிழில் வாக்குமூலம் பெறுதல் கூடாதாகையால் மொழிபெயர்ப்பாளரும் தேவை. உரிய விசாரணைக்குப் பின் அவனைச் சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றச் சட்டம் வழி செய்கிறது. சட்டத்தின் சொற்களில் இது ஒரு பிரிவு. நடைமுறையில் இரு மாநிலங்களுக்கிடையே கடிதம், பதில், துணைக்கு ஒரு காவலர் அல்லது பணியாளர், பயணச் செலவுக்கு ஒப்புதல் என்று நீள்கிறது. அதுவரை சிறுவன் இல்லத்தில் காத்திருக்கிறான். மத்திய அரசின் வாத்சல்யா இயக்கம் மாவட்ட அலகுகளுக்கு நிதி வழங்குவதன் பயன், இத்தகைய பதில் கடிதங்கள் எத்தனை நாளில் வருகின்றன என்பதைக்கொண்டே அளக்கப்பட வேண்டும்.

உயர் நீதிமன்ற வளாகத்தில்

குடும்பநல நீதிமன்றத்தின் தோற்றத்தில் ஆந்திர நாட்டுக்கும் சென்னைக்கும் ஒருங்கே உரிய ஓர் அம்மையாரின் பங்கு பெரிது. இராஜமகேந்திரவரத்தில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, ஆந்திர மகிளா சபையை நிறுவிய துர்காபாய் தேஷ்முக், 1953இல் சீனப் பயணம் முடித்துத் திரும்பியபின் இத்தகைய நீதிமன்றங்களின் தேவையை வற்புறுத்தினார். திட்டக் குழு உறுப்பினராகவும் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவராகவும் இருந்த அவரது கருத்து சட்டமாக முப்பது ஆண்டுகள் ஆயின. 1984ஆம் ஆண்டின் சட்டம், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் குடும்பநல நீதிமன்றம் கட்டாயம் என்றது. பிற இடங்களில் மாநில அரசின் விருப்பம். சென்னையில் இது 1988இல் அமைந்தது. முதன்மை நீதிமன்றமும் கூடுதல் நீதிமன்றங்களும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகின்றன.

திருமண முறிவு, திருமணம் செல்லாதென அறிவித்தல், சேர்ந்து வாழும் உரிமை, தம்பதியரின் சொத்து, ஜீவனாம்சம், குழந்தையின் காப்பாளர் பொறுப்பு ஆகியன இதன் எல்லைக்குள் அடங்கும். வழக்குத் தொடுத்தவுடன் தரப்பினர் ஆலோசகரிடம் அனுப்பப்படுகின்றனர். இணக்கம் காண முயல்வது நீதிபதியின் கடமை என்றே சட்டம் விதித்துள்ளது. சாட்சியச் சட்டத்தின் கட்டுகள் தளர்த்தப்பட்டுள்ளன. தரப்பினருள் ஒருவர் விரும்பினாலும் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். வழக்கறிஞரை வைத்துக்கொள்வது உரிமையன்று. நீதிமன்றம் இசைந்தால் மட்டுமே. எளிய மனிதர் தம் துயரைத் தாமே எடுத்துரைக்கலாம் என்பது சட்டம் இயற்றியோரின் எதிர்பார்ப்பு. ஆயினும் பெரும்பாலான வழக்குகளில் வழக்கறிஞர் இசைவு பெற்றுத் தோன்றுகின்றனர். மனுவும் எதிர்மனுவும் இடைக்கால மனுவும் பெருகிவிட்ட நிலையில், எழுத்தறிவு குறைந்த பெண்ணைத் தனியே நிற்கச் சொல்வது அவளுக்கு உதவியாகாது என்பதால், இந்த எதிர்பார்ப்பு கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

வழக்கின் உண்மையான விலை வாய்தாவில் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாகின்றன. வருமானமில்லாத மனைவிக்கு இது வழக்கையே கைவிடச் செய்யும் செலவு. இதனை உணர்ந்தே சட்டமும் சில மாற்றங்களைக் கண்டது. ஜீவனாம்சத்திற்கு மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்ச வரம்பு 2001இல் நீக்கப்பட்டது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்போது சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 144ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. 2020இல் ரஜனேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பாரும் தம் சொத்து, வருமான விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. வழக்கை இழுத்தடிப்பதால் கணவனுக்குக் கிடைத்துவந்த ஆதாயத்தை இத்தீர்ப்பு பெருமளவு குறைத்தது எனலாம்.

ஒரே குடும்பம், பல வாயில்கள்

ஜப்பானில் 1949 முதல் குடும்ப நீதிமன்றம் என்ற ஒரே அமைப்பு மணமுறிவையும் சிறார் வழக்கையும் சேர்த்தே ஏற்கிறது. வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் அலுவலர்கள் இரு பிரிவுகளுக்கும் உரியவர்கள். நம் நாட்டில் இவை வேறு வேறு சட்டங்கள். தந்தையும் தாயும் உயர் நீதிமன்ற வளாகத்தில் வழக்காடிக்கொண்டிருக்க, அவர்கள் மகன் கெல்லீசில் குழுமத்தின் முன் நிற்கலாம். அடிபட்ட மனைவி 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நடுவர் நீதிமன்றத்தையும் நாடலாம். ஆலோசகர் எழுதிய குறிப்பு நன்னடத்தை அலுவலருக்குத் தெரிவதில்லை. இவர் அறிக்கை அவருக்குச் செல்வதில்லை. மறைபொருளைக் காக்க வேண்டும் என்ற காரணம் ஓரளவே ஏற்கத்தக்கது. சிறுவனின் குற்றத்திற்கும் பெற்றோரின் பிரிவுக்கும் தொடர்புண்டா என்று கேட்க வேண்டிய பொறுப்பு இன்று எவரிடமும் இல்லை.

மாநில எல்லை இதனை மேலும் கடினமாக்குகிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம், மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்தது. எனவே பங்காருபாளையத்துப் பெண் தன் பகுதிக்குரிய நீதிமன்றத்தை நாடலாம். ஜீவனாம்ச மனுவையும் அங்கேயே தரலாம். ஆனால் கணவன் முந்திக்கொண்டு சென்னையில் வழக்குத் தொடுத்துவிட்டால், அதனை ஆந்திரத்துக்கு மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சித்தூருக்கு வழக்கைக் கொணர அவள் டெல்லிக்கு மனுச் செய்ய வேண்டியதாகிறது. 2020க்குப் பின் உயர் நீதிமன்றங்கள் காணொலி விசாரணைக்கு விதிகள் வகுத்தமையால் பயணத்தின் சுமை ஓரளவு குறையக்கூடும். எனினும் ஆலோசகர் முன் நேரில் அமர்வதற்கு அது ஈடாவதில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெற உரிமை உண்டு. உச்ச நீதிமன்றத்தில் செய்யும் இட மாற்ற மனுவுக்கும் இவ்வுதவி பொருந்தும். விண்ணப்பத்தைச் சித்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலேயே கொடுக்கலாம்.