ஃப்யூயல் பம்ப் மாற்றும் முன் சேசிஸ் எண்ணைப் பாருங்கள்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் நின்றுபோனால் ஸ்டீயரிங் கனத்துவிடும். இரண்டு மூன்று மிதியில் பிரேக்கும் கல்லாகிவிடும். சபரிமலை சீசனில் பின்னால் வரிசையாக வண்டிகள் வேறு வந்துகொண்டிருக்கும். இப்படி நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம், டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் பம்ப்.

பின்சீட்டுப் பக்கம் ரீங்காரம், மேட்டில் இழுவைக் குறைவு, காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம்: இவை முன்னறிகுறிகள். ஆனால் ஃபில்டர் அடைப்பும் ரிலே கோளாறும்கூட இதே தொல்லையைத் தரும். அதனால் "கேஜ் மாட்டி பிரஷர் பார்த்தீர்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்ட பிறகே பம்ப் மாற்றச் சம்மதியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பம்ப் கோளாறுக்காக மாருதி 2020 ஜூலையில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2024 அக்டோபரில் 90,468 கார்களை அழைத்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் குறை, நாளடைவில் இன்ஜின் நிற்கலாம் என்பது காரணம். அவற்றில் 2,204 கார்கள் முன்பே பம்ப் மாற்றப்பட்டவை. புதிதாகப் போட்ட உதிரிபாகத்திலேயே குறை! ஆகவே "ஏற்கெனவே மாற்றியாச்சு" என்று இருந்துவிடாதீர்கள். இந்த அழைப்புகளில் மாற்றித் தருவது இலவசம். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்குத் தகவல் வந்து சேராமலே போயிருக்கலாம். ஆர்சி புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்தால், உங்கள் கார் அழைப்பில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

போடிமெட்டில் வேகமாக ஏறவேண்டும் என்று பெரிய பம்ப் மாட்டும் இளைஞர்களுக்கு: பம்ப் மட்டும் பெரிதானால் சக்தி அதிகரிக்காது. எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூதான் தீர்மானிக்கிறது. டேங்க் மூடியின் சீல் சரியாக உட்காராவிட்டால் கசிவும் தீயும் நிஜமான ஆபத்துகள். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டுக்கே வினையாகலாம்.

மலைக்குக் கிளம்பும்போது கால் டேங்குக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்கட்டும். பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

மாற்றினால் ஜிஎஸ்டி பில்லையும் பழைய பம்பையும் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் அவைதான் சாட்சி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. காரை மதுரையில் வாங்கியிருந்தாலும், கம்பத்தில் குடியிருப்பவர் தேனியிலேயே வழக்குப் போடலாம். சொந்தப் பிழைப்புக்காக ஒரே டாக்ஸியைத் தானே ஓட்டுபவரும் சட்டப்படி நுகர்வோரே. "வணிக வாகனம், செல்லாது" என்று யார் சொன்னாலும் திரும்பிவிடாதீர்கள்.