தலைவலியா? இதயத்தையும் கவனியுங்கள்!

சென்னை மயிலாப்பூரில், லஸ் அருகே ஒரு பூங்கா இருக்கிறது. நாகேஸ்வர ராவ் பூங்கா என்று அதற்குப் பெயர்.

யார் அந்த நாகேஸ்வர ராவ்? 1893-ம் ஆண்டில் "அமிர்தாஞ்சன்" தலைவலித் தைலத்தைத் தொடங்கியவர். பம்பாயில் பிறந்த அந்தத் தைலம், பிறகு சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் குடியேறியது. தலைவலி வந்தால் தைலம் தேய்த்துப் படுத்துக் கொள்வது, வீட்டுக்கு வீடு பழக்கமாகி விட்டது.

சாதாரணத் தலைவலிக்கு அது இதமாக இருக்கும். ஆனால் ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை உண்டு. அதைத் தைலத்தோடு விட்டு விடக் கூடாது!

கண்ணில் மின்னல்

தலை வலிப்பதற்கு முன்பே, கண்ணெதிரே ஒளி மின்னும். கோணல் மாணலாகக் கோடுகள் தெரியும். பார்வையில் ஒரு பகுதி மறையும். சிலருக்குக் கை மரத்துப் போகும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இது அடங்கி விடும். பிறகு மண்டையிடி தொடங்கும்.

இதயத்துக்கு என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில், 45 வயதும் அதற்கு மேலும் ஆன 27,840 பெண்களை டாக்டர்கள் சுமார் 10 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. கண்ணில் மின்னலுடன் தலைவலி வந்தவர்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் அபாயம் சுமார் 2 மடங்கு இருந்தது! மின்னல் இல்லாத ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் இந்த வித்தியாசம் காணப்படவில்லை.

இதைக் கேட்டு நடுங்க வேண்டாம். 10,000 பெண்களில், ஆண்டுக்குக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 18 பேர்தான்.

செய்ய வேண்டியவை

இந்தத் தலைவலி உள்ளவர்கள் அதை டாக்டரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். புகை பிடிப்பதை அறவே விட வேண்டும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதித்து, கட்டுக்குள் வைக்க வேண்டும். மயிலாப்பூரோ, தியாகராய நகரோ, அடையாறோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பை இலவசமாகப் பார்த்துக் கொள்ளலாம்.

பெண்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை! கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சேர்ந்திருக்கிறது. கண்ணில் மின்னலுடன் தலைவலி வருகிறவர்களுக்கு அது ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கவாத அபாயம் கூடும் என்பதே காரணம். டாக்டரைக் கேட்டு வேறு முறைக்கு மாறிக் கொள்ளலாம்.

உடனே ஓடுங்கள்!

திடீரென்று வாய் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், "வழக்கமான தலைவலிதான்" என்று படுத்து விடக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் அங்கே உயிர்தான்!